அத்தானின் மூத்த தாரம்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அளவுக்கு மீறிப் படித்தவனைக் கலியாணக் காரில் ஏற்றக் கூடாது. ஏற்றினாலும் கடற்கரை வீதியால் கொண்டுபோகக் கூடாது. இந்த இரண்டு உண்மைகளையும் எங்கள் குடும்பம் ஒரே காலையில் கற்றுக்கொண்டது. கற்பித்தவன் நான்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இறுதி வருடம். பாலூட்டிகள் என்றால் எனக்கு விசர். (விசர் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அம்மா சொன்ன சொல்லை அச்சில் போட முடியாது.) உலகத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பாலூட்டி இனங்கள் இருக்கின்றன, அதில் பெரிய பங்கு எலி, அணில் வகையறா, அடுத்த பெரிய கூட்டம் வௌவால், முட்டை போட்டுப் பால் கொடுக்கும் அதிசயங்கள் அவுஸ்திரேலியாப் பக்கம் இருக்கின்றன, மொத்தத்தில் நாலில் ஒன்று அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கிறது. இவ்வளவையும் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். அக்காவுக்கு நகை காட்டவந்த பத்தரையே வௌவாலைப் பற்றிக் கதைத்துத் துரத்திய பெருமை எனக்கு உண்டு.

அழியும் இனங்களுக்குச் செம்பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. எந்த இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று வகுத்து வைத்திருப்பார்கள். நான் அதை எங்கள் சொந்தக்காரருக்கும் பொருத்திப் பார்த்தேன். சித்தப்பா 'கவலை குறைந்த' இனம். எந்தப் பந்தியிலும் காணலாம். கனடாவில் இருக்கும் மாமா 'தரவு போதாத' இனம். உடுவில் பெரியப்பாவின் சிரிப்பு முற்றாக அழிந்துவிட்டது. கடைசியாக அதைக் கண்டவர்கள் உயிரோடு இல்லை.

இந்தப் பெரியப்பாதான் கதையின் முக்கியமான ஆபத்து. அப்பாவின் மூத்த அண்ணை. தோட்டமும் மாடும்தான் அவருடைய உலகம். வெள்ளிக்கிழமை முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் விடாத சைவம். எங்கள் வாசுகி அக்கா நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பித்தாள். அங்கேயே பௌதிகம் படிப்பித்த மயூரன் அத்தானை விரும்பினாள். அத்தான் வடமராட்சிக் கரையோரத்து ஆள். தலைமுறை தலைமுறையாகக் கடலோடும் குடும்பம். தோட்டக்காரர் வீட்டுப் பெண் கடலோடி வீட்டுக்குப் போவதா என்று பெரியப்பா குதித்த குதியில் கிணற்றுக்கட்டு வெடிக்காதது புண்ணியம். அக்கா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "அவரை இல்லாட்டி ஒருத்தரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வருடக்கணக்காகக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பெரியப்பா இறங்கி வந்தார். ஆனால் முழுக்க இறங்கவில்லை.

"வாறன். சபையிலை இருப்பன். ஆனா அவையின்ரை பக்கத்தாலை ஒரு குறை கண்டாலும் எழும்பிப் போயிடுவன். பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார் அப்பாவிடம்.

அவர் எழும்பினால் அவரோடு பாதிச் சனம் எழும்பும். அக்காவுக்கு அது தெரியும். கலியாணத்துக்கு முதல் நாள் மருதாணிக் கையோடு என்னைக் கூப்பிட்டு, "தயா, ஒண்டும் பிழைச்சிடக்கூடாதடா" என்றாள். அவள் என்னிடம் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துக் கலியாண முறை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மாப்பிள்ளையைப் போலவே பட்டுவேட்டியும் தலைப்பாகையும் கட்டி, அவரைப் பத்திரமாகக் கூட்டிவர வேண்டும். பெண்வீட்டு வாசற்படலையில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவினால், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக வருவார். தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டம் அவர் கையில் இருக்கும். அந்தக் கூறையைத்தான் பெண் மாற்றி உடுத்துவந்து தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள். தோழன் வேலை எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். கையும் காலும் உள்ள எவனும் செய்வான்.

புறப்படும்போது அப்பா என் தோளைப் பிடித்தார்.

"டேய், இண்டைக்கு ஒருநாள் மட்டும் மனிசரைப் பற்றிக் கதை. மிருகங்களைப் பற்றி வாய் திறந்தியோ தெரியும்."

"மனிசரும் பாலூட்டிதானே அப்பா."

அப்பா அடிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தார். கிடைத்தது எல்லாம் வாழைக்குலை. நான் தப்பினேன்.

அத்தான் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பால் அறுகு வைத்தார்கள், தலைப்பாகை கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். முன்காரில் அத்தான், நான், கூறைத்தட்டத்தோடு அத்தானின் அக்கா தேன்மொழி. பின்னால் ஒரு வான் வண்டியில் அத்தானின் அம்மா, அதாவது எங்கள் மாமியும் சொந்தக்காரரும். நல்ல நேரம் பதினொரு மணிக்கு முடியும். தாராளமாக நேரம் இருந்தது. கடல் வலது பக்கத்தில் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் அத்தானிடம் வானிலையைப் பற்றிக் கதைத்தேன். அப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

கொஞ்சத் தூரம் போனதும் வீதியில் சனம். சைக்கிள்கள் குறுக்கே கிடந்தன. சாரதி தலையை வெளியே நீட்டி, "என்னண்ணை பிரச்சினை?" என்று கேட்டார்.

"கரைவலையிலை கடற்பசுக் கண்டொண்டு பட்டுப்போச்சு. உயிரோடை கிடக்கு" என்றார் சைக்கிள்காரர்.

கடற்பசுக் கன்று! நான் படத்தில் மட்டும் பார்த்த பிராணி. தன் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே இனம். வட பசிபிக் கடலில் இதற்கு ஒரு பெரிய ஒன்றுவிட்ட சகோதரம் இருந்தது. மனிதன் அதைக் கண்டுபிடித்து, ஒரு மனித ஆயுள் முடிவதற்குள் தின்று தீர்த்துவிட்டான். மிஞ்சிய இதுவும் 'அழியக்கூடிய' வகுப்பில் நிற்கிறது. அது இங்கே, எங்கள் கரையில், உயிரோடு! கார் முழுதாக நிற்கவில்லை. நான் இறங்கிவிட்டேன்.

"தயா! தயா! எங்கையடா போறாய்?" என்று அத்தான் கத்தினது கேட்டது. கேட்டதென்றால் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

மணலில் வலையோடு வலையாக அது கிடந்தது. என் உயரம்கூட இல்லை. சாம்பல் நிறம், உருண்டை உடம்பு, பெரிய தடித்த மேலுதடு. சின்னக் கண். அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்து குருவி கீச்சிடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. வால் முழுக்க நூல் சுற்றி இறுகிக் கிடந்தது. எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அக்கா கலியாணத்தில் அழுவேன் என்று நினைத்துக் கொண்டுவந்த கண்ணீர் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டேன்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் தலையில் கைவைத்து நின்றார். "தம்பி, பாவம் அது. ஆனா வலை புதிசு. சிக்கைக் குலைச்சுத்தான் எடுக்கோணும்" என்றார்.

"குலைக்க நேரமில்லை. வெயில் ஏறுது. தோல் காயக்கூடாது. நனைச்ச துணி போடோணும்!" என்று நான் கட்டளையிட்டேன். பட்டுவேட்டி கட்டிய ஒருவன் கட்டளையிட்டால் சனம் கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒருவர் ஓடிப்போய்ச் சாக்கு ஒன்று கொண்டுவந்தார்.

"சாக்கு வேண்டாம். சொரசொரப்பு. தோலைக் கீறிப்போடும். மெல்லிய துணி!"

(சாக்கே போதும் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாம் புத்தகப்படி நடக்க வேண்டும்.)

மெல்லிய துணிக்கு எங்கே போவது? குனிந்து பார்த்தேன். என் இடுப்பில் இருந்தது. வேட்டியை உருவினேன். உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் சித்தி இதை வேறுமாதிரிச் சொல்லித் திரிகிறா. தலைப்பாகையும் போனது. அதற்குள் அத்தான் வந்துவிட்டார். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தார். ஆனால் அந்தக் கன்றைக் கண்டதும் அவருக்குள் இருந்த கடலோடி எழும்பிவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலில் இருந்தார்.

"அம்மான், என்ரை கலியாணப் பரிசு எண்டு நினைச்சு வலையை வெட்டுங்கோ" என்றார் சம்மாட்டியாரிடம். அவர் அத்தானின் தாய்மாமன் முறை. அதற்குமேல் அந்த மனிசன் என்ன சொல்வார்? கத்தியை எடுத்தார்.

நூல் வெட்டாமலிருக்க நாலாய் மடித்துச் சுற்றிய வேட்டி வாலை மட்டும்தான் மூடியது. முதுகு காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் துணி வேண்டும். காருக்கு ஓடினேன். தேன்மொழி அக்கா தாலிப்பெட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க இறங்கியிருந்தா. பின்சீட்டில் ஒரு தட்டம், அதன்மேல் மடித்த சிவப்புத் துணி. நல்ல நீளம், நல்ல மெதுமை. ஆண்டவனே அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒரு பாதச்சுவட்டை வைத்து அது கீரியா மரநாயா என்று சொல்லக்கூடியவன் நான். அக்காவின் கூறையை அடையாளம் தெரியவில்லை. அது பாலூட்டி இல்லையே.

கடலில் தோய்த்துக் கன்றின் முதுகில் விரித்தோம். மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டு உடம்பைச் சுற்றினோம். வலை வெட்டி முடிந்ததும் அதே சேலையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து, "ஏலேலோ" என்று தூக்கினோம். அப்பேர்ப்பட்ட பாரத்துக்கும் இழை பிரியவில்லை. நெய்தவன் நல்லா இருக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. தோளால் காதோடு நெரித்துக்கொண்டே பேசினேன்.

"எங்கையடா நிக்கிறியள்?" அப்பா.

"வல்லைவெளி தாண்டிப் பாதி வழி வந்தாச்சு அப்பா."

"அதென்ன சத்தம்?"

"காத்து."

"ஆரோ ஏலேலோ எண்டு கத்துறாங்கள்?"

"பெரிய காத்து அப்பா."

இடுப்பளவு தண்ணீரில் விட்டதும் கன்று கொஞ்சநேரம் அசையாமல் கிடந்தது. பிறகு வாலை ஒரு அடி அடித்தது. போய்விட்டது. எல்லோரும் மூச்சை விட்டோம். அந்த நேரம் கடலுக்குள் கிடக்கும் கற்பாருக்கு அப்பால் ஒரு பெரிய முதுகு மேலே வந்து, புஸ் என்று மூச்சு விட்டுத் தாழ்ந்தது. கொஞ்சம் பொறுத்து அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன முதுகு வந்தது.

"தாய்" என்றார் சம்மாட்டியார். "விடியத் தொடக்கம் உதிலைதான் நிண்டது." நான் விம்மிக்கொண்டிருந்தேன்.

கரையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. தேன்மொழி அக்கா.

"ஐயோ, கோதாரி! கூறை! எங்கடை கூறை!"

அத்தான் தன் கையைப் பார்த்தார். கையில் சிவப்புப் பட்டு, மணலும் வழுவழுப்புமாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். மிக அமைதியாகக் கேட்டார்.

"தயா, இது என்னெண்டு தெரியுமோ?"

"ஓம் அத்தான். யானைக்குக் கிட்டின சொந்தம். கடலிலை வாழுற..."

"மிருகத்தைக் கேக்கேல்லை. அது உடுத்திருந்த சேலையைக் கேட்டனான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பென்று தண்ணீருக்குள் இருந்துவிட்டேன். பெரியப்பா கண்ணுக்குள் வந்தார். சபை எழும்பிப் போவது தெரிந்தது. மருதாணிக் கையோடு அக்கா, ஒண்டும் பிழைச்சிடக்கூடாதடா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கன்றோடு நானும் போயிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

வான் வண்டியிலிருந்து மாமி இறங்கி வந்தார். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். மாமி கூறையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், காற்சட்டையோடு தண்ணீருக்குள் இருந்த தோழனைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு.

"உப்புக் காயமுதல் நல்லதண்ணியிலை அலசோணும். பிள்ளையார் கோயில் கிணத்தடிக்குக் கொண்டு வாங்கோ. கெதியா! நனைஞ்ச துணி எங்களுக்குப் புதிசே?"

அலசினார்கள், பிழிந்தார்கள். பிறகு மாமி செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வானின் இந்தப் பக்கத்து யன்னலால் ஒரு தலைப்பைத் தான் பிடித்து, பின்யன்னலால் மற்றத் தலைப்பைத் தேன்மொழி அக்காவிடம் கொடுத்து, "விடடா வானை!" என்றார். வல்லை வெளிக் காற்றில் எங்கள் கூறை விரிந்து படபடத்துக்கொண்டு வந்தது. ஆவரங்காலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எழும்பிப் பார்த்தார்கள். புத்தூரில் ஒரு கிழவர் கும்பிட்டார். ஏதோ கோயில் கொடி போகிறது என்று நினைத்திருப்பார். சுன்னாகம் வந்ததும் மாமி கூறையை உள்ளே இழுத்து மடித்தார். ஓரளவு காய்ந்திருந்தது. ஓரளவுதான்.

அத்தானுக்கு மாற்றுவேட்டி இருந்தது. எனக்கு இருந்தது சம்மாட்டியார் இரங்கித் தந்த பழைய சாரம், அதாவது லுங்கி. நீலக் கோடு, பச்சைக் கட்டம். ஈரத் தலைப்பாகையை மேலே கட்டிக்கொண்டு, அந்தச் சாரத்தோடு எங்கள் வீட்டுப் படலையில் இறங்கினேன். மேளம் ஒரு கணம் தாளம் தப்பியது.

"வேட்டி எங்கையடா?" அப்பாவின் பல்லுக்கிடையால் வந்த கேள்வி.

"பேந்து சொல்லுறன் அப்பா."

அத்தானின் காலைக் கழுவினேன். விரலிடுக்கில் கடல்மணல் இருந்தது, அதையும் கழுவினேன். மோதிரம் போடும்போது அவர் குனிந்து, "உனக்கு மோதிரம் இல்லையடா, விலங்குதான் போடோணும்" என்றார். ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அடுத்த கட்டம்தான் கண்டம். தாலி கட்டுமுன்னர் கூறையையும் தாலியையும் தட்டத்தில் வைத்துச் சபை முழுவதும் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும். தட்டம் புறப்பட்டது. முதல் வரிசையில் ஒரு மாமா தொட்டார். விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். அடுத்தவர் தொட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார், ஒழுகுகிறதோ என்று. நான் மணவறையில் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து, அறிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். அறியாத சிலவற்றையும்.

தட்டம் பெரியப்பாவிடம் வந்தது.

அவர் கையை வைத்தார். எடுக்கவில்லை. மடிப்புக்குள் விரலை விட்டு, மெல்ல ஒன்றை இழுத்தார். நீளமான பச்சை இலை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடற்புல்லு" என்றார். "கூறைக்குள்ளை கடற்புல்லு. உதென்ன கூத்து?"

மேளம் நின்றது. சபை முழுக்கத் திரும்பியது. மாமி வாயைத் திறக்கப்போனார். எனக்குத் தெரிந்தது, பழி அவர்கள் பக்கம் போகப்போகிறது. அவர்கள் பக்கத்தால் ஒரு குறை. அக்கா மணவறையில் தலை குனிந்திருந்தாள்.

சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். "அவையில்லைப் பெரியப்பா, நான்தான். நான்தான் கூறையை எடுத்துக் கடற்பசுக்கு உடுத்தினனான்."

சபையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"எதுக்கு உடுத்தினனீ?"

"கடற்பசு. கண்டு. வலையிலை பட்டுக் கரையிலை கிடந்தது. செத்துப்போயிருக்கும்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "மச்சத்தைத் தொட்ட சேலையையோ என்ரை பிள்ளைக்குக் கட்டக் கொண்டுவந்தனீங்கள்?"

இங்கேதான், அப்பாவின் கட்டளையை மீறி, நான் மிருகங்களைப் பற்றி வாய் திறந்தேன்.

"அது மச்சம் இல்லைப் பெரியப்பா! மீனே இல்லை. நுரையீரலாலை மூச்சு விடுற சீவன். கடற்புல்லு மட்டும்தான் தின்னும். புழுப்பூச்சிகூட வேணுமெண்டு தின்னாது. கடலிலை இருக்கிற பாலூட்டியளிலை சுத்த சைவம் அந்த வகையறா ஒண்டுதான்!"

பெரியப்பா கையிலிருந்த புல்லைப் பார்த்தார். பிறகு, மாட்டுச் சந்தையில் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"கண்டு போடுமோ, முட்டை போடுமோ?"

"கண்டு, பெரியப்பா. ஒருதரத்துக்கு ஒண்டுதான்."

"பால் குடுக்குமோ?"

"ஓம். ஒரு வருசத்துக்கு மேலை குடுக்கும்."

"புல்லு மட்டும்தான்?"

"புல்லு மட்டும்தான்."

அவர் யோசித்தார். எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் அந்த நெற்றியின் திருநீற்றுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"தாய்?"

"தாய் விடியத் தொடக்கம் வெளியிலை பாத்துக்கொண்டு நிண்டது. விட்ட உடனை கண்டு போய்ச் சேந்திட்டுது. எல்லாரும் கண்டனாங்கள். அத்தான்தான் வலையை வெட்டச் சொன்னவர், கலியாணப் பரிசெண்டு."

பெரியப்பா அத்தானைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல்தரம் நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு புல்லைத் திரும்பத் தட்டத்தில், தாலிக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்தார்.

"கண்டைத் தாயோடை சேத்துப்போட்டு வந்த சேலை. உதிலை என்ன தோசம் கிடக்கு? இன்னும் ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? நேரம் போகுது, பிள்ளையைக் கட்டச் சொல்லுங்கோ. மேளம் அடியுங்கோடா!"

சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஈரத் தலைப்பாகை, நீலக்கோட்டுச் சாரம். அவருடைய வாயோரம் கோணியது. தோள் குலுங்கியது. பிறகு அந்த மனிசன் சிரித்தார், கதிரை ஆட ஆட. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இனங்கள் திடீரென்று எங்காவது காட்டில் மறுபடி காணப்படுவதுண்டு. நான் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா கூறை மாற்றி வந்தாள். தாலி ஏறியது. எல்லோரும் பூவும் அரிசியும் எறிந்துகொண்டிருக்கையில், முகத்தில் புன்னகை மாறாமல் என் பக்கம் சாய்ந்தாள்.

"டேய், உப்பு மணக்குது."

"மன்னிச்சுக்கொள்ளக்கா."

"எனக்கு முதல் இதைக் கட்டினவள், வடிவோ?"

"மூக்குக் கொஞ்சம் பெரிசு."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணீரும் சிரிப்புமாக அவள் குலுங்கியதைத்தான் படப்பிடிப்பாளர் எடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும், பிறந்தவீட்டை விட்டுப் போகும் துக்கம் என்று சொன்னார்கள். அதே படத்தின் ஓரத்தில் சாரமும் நானும் தெளிவாக விழுந்திருக்கிறோம். கனடா மாமா அதைப் பெரிதாக்கித் தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கடற்பசுவுக்குப் பெயர் 'மூத்தவள்'. அத்தானின் மூத்த தாரம். முதலில் கூறை உடுத்தவள் அவள்தானே. அத்தானும் அக்காவும் பிடுங்குப்பட்டால், "போங்கோ, உங்கடை மூத்தவளோடையே போய் இருங்கோ" என்பாள் அக்கா. அத்தான் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மெய்யாகவே கடற்கரைக்குப் போவார். திரும்பி வந்து, "காணேல்லை. கோவமாக்கும்" என்பார். சண்டை அதோடு முடிந்துவிடும். என் கலியாணத்துக்குக் கூறைத்தட்டத்தை மாமியே மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார். கடல் தெரியாத பாதையால்.

போன மாசம் சம்மாட்டியார் அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தார். பாருக்கு அப்பால் ஒரு தாயும் கன்றும் மேய்கின்றனவாம். எங்களுடையதுதானா என்று யாருக்குத் தெரியும்? நான் படித்தவன், சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. அக்கா அலுமாரியிலிருந்து கூறையை எடுத்து வெயிலில் விரித்தாள். முந்தானையில் வெளிறிப்போன திட்டு இன்னும் இருக்கிறது. பிறகு பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அவருக்கு இப்போது காது மந்தம், கத்த வேண்டும்.

"பெரியப்பா! மூத்தவளுக்குப் பிள்ளை பிறந்திருக்காம்!"

மறுமுனையிலிருந்து பெரியப்பாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"நான் அப்பவே சொன்னனான் எல்லே, அது நல்ல இடத்துச் சம்பந்தமெண்டு!"